உங்கம்மா முகத்தில் நான் விட்டு வைத்த நிழல்

கண்ணு,

ஞாயித்துக்கிழமை நீ பாதிச் சாப்பாட்டுலயே எழுந்து போயிட்டே. எண்ணூர் பஸ்ல மூஞ்சியை உம்முனு வச்சிக்கினு உக்காந்திருப்பே, எனக்குத் தெரியாதா. பின்னாலயே ஓடி வந்து பேசியிருக்கலாம். வாய் வரலை. இருபது வருஷமா வராத வாய் பஸ் நிக்கற இடத்துலயா வரப்போகுது. அதனாலதான் எழுதறேன். நாள் பூரா அச்சாபீஸ்ல அடுத்தவன் எழுதினதையே பார்த்துக்கினு இருக்கறவன் நான், சொந்தமா ஒரு காகிதம் எழுத உக்காந்தா மொதல் வரியையே நாலு தரம் அடிச்சு எழுதறேன். இலக்கணம் பார்க்காதே. வாயில வர்ற மாதிரியே எழுதறேன். உன் ரூம்ல கூட இருக்கற பசங்க எட்டிப் பார்த்துப் படிச்சாலும் படிக்கட்டும். இதுல ஒளிக்கறதுக்கு இனிமே ஒண்ணுமில்லை.

நீ சொன்னதை மறுபடி எழுதிக் காட்டறேன், சரியான்னு பார்த்துக்கோ. "அந்தப் பொண்ணு வேணாம் நைனா. வாயைத் தொறந்தா தெருவே திரும்பிப் பாக்குது. எங்கம்மா மாதிரி ஒரு பொண்ணு பாரு." சொல்லிட்டு சுவத்துல மாட்டியிருக்கற படத்தைக் கையால காட்டினே. உன்னை வளர்த்த சின்னம்மா, உங்கம்மாவோட கூடப் பொறந்தவ, சட்டுனு என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் தட்டைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தேன். அந்தப் படத்தைப் பத்தித்தான் சொல்ல வந்திருக்கேன். கோவம் வந்தாலும் பாதியில மடிச்சு வைக்காதே.

அதை நான்தான் மரக்கட்டையில வெட்டி அச்சடிச்சேன்னு உனக்குத் தெரியும். நாலு பேர்கிட்ட பெருமையா வேற சொல்லுவே, எங்க நைனா பிளாக் வெட்டற ஆளு, எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல, மனசுல இருந்த முகத்தை அப்படியே வெட்டிட்டாருன்னு. அதைக் கேக்கறப்பல்லாம் எனக்கு உள்ள ஒரு முள்ளு குத்தும். ஏன்னா அது பாதிதான் நெசம். நெத்தி அவளோடது. மூக்கு, தோடு, நடு வகிடு எல்லாம் அவளோடது. ஆனா நீ எதைப் பார்த்துக் கும்பிடறியோ, அந்தத் தாழ்ந்த பார்வை, மூடின வாய், எதையும் பொறுத்துக்கற அந்தச் சாந்தம், அது அவளோடது இல்லை கண்ணு. அதை நான் வேற ஒருத்தி முகத்துல இருந்து எடுத்து உங்கம்மா முகத்துல வச்சேன்.

எங்க முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சர்ச்சுக்குப் போற வேதக்காரர். அவர் ரூம்ல சீமையில அச்சான ஒரு பழைய படப் புத்தகம் இருந்துச்சு. தூக்கறதுக்கு ரெண்டு கை வேணும். வர்ணம் கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் கருப்புக் கோடுதான். நான் அப்போ சோப்பு விளம்பரம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைக்குக் குத்துவிளக்குன்னு வெட்டிக்கினு இருந்தேன். முகம்னு ஒண்ணு வெட்டினா அது பூசணிக்காய்க்கு மீசை வச்ச மாதிரி இருக்கும். மத்தியானம் முதலாளி சாப்பிட்டுக் கண்ணசர்ற நேரத்துல பூதக்கண்ணாடியை எடுத்துக்கினு அந்தப் புத்தகத்து மேல கவுந்துடுவேன். அதுல ஒரு படம், கல்லறை வாசல்ல ஒரு பொம்பளை உக்காந்திருக்கா. பார்த்தா நெஞ்சை அடைக்கும். அழறாளேன்னு கண்ணாடியை வச்சுக் கண்ணீரைத் தேடறேன், தேடறேன், ஒரு சொட்டுகூட அதை வெட்டின ஆள் வரையலை. அப்போ அழுகை எங்கேர்ந்து வருது? ஒரு வாரம் எனக்கு அதே பேஜாரு.

கட்டையில வேலை செய்யறவனுக்கு ஒண்ணு தெரியும். உளி பட்ட இடம் காகிதத்துல வெள்ளையா வரும், உளி படாத இடம் கருப்பா வரும். நாங்க வெட்டறது வெளிச்சத்தை. நிழலை எவனும் வெட்ட முடியாது, விட்டுத்தான் வைக்கணும். அந்தப் பொம்பளையோட மேல் இமைக்குக் கீழே அவன் நெல்லு முனை அளவுக்குக் கருப்பை விட்டு வச்சிருந்தான். கண்மணிக்குள்ள நாங்கல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி குத்துவோம், அதுதான் கண்ணுக்கு உசிரு. அவன் அதைக் குத்தவே இல்லை. கன்னத்துக் கோடெல்லாம் கன்னத்தைச் சுத்தி வளையாம நேரா கீழே இறங்குது. வாயோரம் ஒரு மயிரிழை நிழல். அவ்வளவேதான். அதே புத்தகத்துல ஒரு கோவக்கார ராஜா இருந்தான், அவன் மூஞ்சியில கோடெல்லாம் குட்டை குட்டையா ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கினு போகும். தூங்கற குழந்தைக்குக் கோடு மெலிசு, நடுவுல தாராளமா வெள்ளை. கோடு எந்தப் பக்கம் ஓடுது, எவ்வளவு நெருக்கமா ஓடுது, எங்க நிக்குது, இதைப் பார்த்தாப் போதும், படத்துல இருக்கற ஆள் மனசைச் சொல்லிடலாம். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்குத் தலைகால் புரியலை. கல்மண்டபத்துல நம்ம வூடு வரைக்கும் வேகவேகமா நடந்து வந்து உங்கம்மாகிட்ட மூச்சு விடாம சொன்னேன். அவ முழுசாக் கேட்டுட்டு, ஒரு பொம்பளை அழுவுறதைக் கண்ணாடி வச்சுப் பாத்துக்கினு இருந்தியாய்யா, வெக்கமா இல்ல உனக்குன்னு கேட்டா. கேட்டுட்டு ஆரம்பிச்சா பாரு ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை எப்படி உனக்கு எழுதிக் காட்டறதுன்னு தெரியலை. மொதல்ல சத்தமே வராது, தோள் ரெண்டும் குலுங்கும். அப்புறம் மூச்சை இழுத்து ஒண்ணு விடுவா பாரு, மூணாவது வூட்ல குழந்தை எழுந்துக்கும். அடக்கத் தெரியாது. ஒரு தரம் அச்சாபீஸ்ல மத்தியானம் அசதியா இருக்குன்னு, மை தடவி வச்சிருந்த எழுத்து மேல தெரியாம கன்னத்தை வச்சுத் தூங்கிட்டேன். அது ஒரு ஜவுளிக்கடை நோட்டீஸ். வூட்டுக்கு வந்தா என் கன்னத்துல "மலிவு" ன்னு கொட்டை எழுத்துல அச்சாகிக் கெடக்குது. மூணாங் கிளாஸ் படிச்சவ, எழுத்துக் கூட்டிப் படிச்சா. படிச்சு முடிச்சதும் தரையில உக்காந்துட்டா. எழுந்து என் கையைப் புடிச்சு வாசலுக்கு இழுத்துக்கினு போய், எங்க வூட்டுக்காரரு மலிவா கெடைக்கிறாரு, யாருக்கு வேணும்னு சந்தையில கூவற மாதிரி கூவினா. எனக்கு மானமே போச்சு. அன்னிக்கு நான் அவளைத் திட்டினேன், பொம்பளைன்னா ஒரு அடக்கம் வேணும்னு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கோவமும் அதே சத்தம்தான். மீன்காரம்மாகிட்ட ஒரு சங்கரா மீனுக்கு அரை மணி நேரம் சண்டை போடுவா, கடைசியில ரெண்டு பேரும் உக்காந்து வெத்தலை போடுவாங்க. சொல்லாம கொள்ளாம நான் சினிமாவுக்குப் போயிட்டு வந்தா கரண்டி பறக்கும். அடுத்த நிமிஷம் சோறு போடுவா. எதையும் மனசுல வச்சுப் புழுங்கினதே இல்லை. நீ நெனைச்சுக்கினு இருக்கற மாதிரி பொறுமையின் சிகரமெல்லாம் கிடையாது கண்ணு. உன்னை இடுப்புல வச்சுக்கினு அவ தெருவுல நடந்தா, வர்றது யாருன்னு ஆளைப் பார்க்காமலே சொல்லிடலாம்.

ஜெர்மன்காரன் சண்டை ஆரம்பிச்ச வருஷம் அவளுக்கு விஷ ஜுரம் கண்டுச்சு. உனக்கு அப்போ மூணு வயசு. இருபது நாள்ல போயிட்டா. அவளை எடுத்துக்கினு போனப்புறம் வூடு அடங்கிப் போச்சு. துறைமுகத்துல கப்பல் ஊதறது அதுக்கு முன்னாடி எனக்குக் காதுல விழுந்ததே இல்லை, அப்புறம் ஒவ்வொரு ஊதலும் விழுந்துச்சு. சின்னம்மா காலடிப்பேட்டையில இருந்து வந்து நம்மகூடத் தங்கினா. நீ மொதல்ல ரொம்பத் தேடினே. ஒரு மூணு மாசம் போச்சு, தேடறதை நிறுத்திட்டே. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. ஒரு நாள் தண்ணிக் குழாய்கிட்ட எவளோ ஒரு பொம்பளை முந்தானையைப் புடிச்சுக்கினு அம்மான்னு கூப்பிட்டே. அவ திரும்பினா, நீ அவளையே பார்த்துக்கினு நின்னே. அது அம்மா இல்லைன்னுகூட உனக்குத் தெரியலை. அன்னிக்குத்தான் கட்டையை எடுத்தேன்.

மொதல்ல நான் வெட்டினது அவ சிரிக்கிற மாதிரிதான். இதை நீ நம்பணும். பதினோரு நாள் வெட்டினேன். பல்லுக்கு வெள்ளை எடுத்தேன், கண்ணை இடுக்கினேன், வாய்க்கு ரெண்டு பக்கமும் சிரிப்புக் கோடு விட்டேன். மை தடவி ஒரு அச்சு எடுத்துப் பார்த்தா, அய்யோ, ஒப்பாரி வைக்கிற மாதிரி இருக்குது. அப்போதான் எனக்குப் புரிஞ்சுது, சிரிக்கிற வாய்க்கும் கதறுற வாய்க்கும் கோடு ஒண்ணுதான். நேர்ல பார்க்கறப்போ சத்தம் கேக்கும், தோள் குலுங்கும், அதனால தெரிஞ்சுக்கறோம். காகிதத்துல சத்தம் ஏது. பெரிய கைக்காரன் அதையும் வேற வேற ஆக்கிக் காட்டியிருப்பான். எனக்கு அந்தத் தெறமை இல்லை. அந்த அச்சை வூட்டுக்கு எடுத்துக்கினு வந்து, சரி, பெத்த புள்ளைக்குத் தெரியாமப் போயிடுமான்னு உன்கிட்ட காட்டினேன். நீ பார்த்துட்டு வீல்னு கத்திக்கினு சின்னம்மா பின்னால போய் ஒளிஞ்சுக்கினே. உங்கம்மா சிரிப்பைப் பார்த்து நீ பயந்துட்டே.

மறுநாள் அந்தக் கட்டையை வச்சு இழைச்சுத் தள்ளினேன். அவ பல்லு, அவ வாய், அந்தக் கோடு எல்லாம் சுருள் சுருளா என் காலடியில விழுந்துச்சு. புதுசா ஒரு கட்டை வாங்கியிருக்கலாம். அன்னிக்கு எனக்கு இருந்த ஆத்திரம், அதையே இழைச்சேன். கட்டை உயரம் கொறைஞ்சு போய் மை பிடிக்கலை, அடியில அட்டை வச்சுத் தூக்கிக் கொடுத்துத்தான் மறுபடி அச்சடிச்சேன். இந்தத் தடவை எதையும் யோசிக்கலை. முதலாளி ரூம்ல அந்தப் புத்தகத்தைத் தொறந்து வச்சுக்கினேன். இமைக்குக் கீழே நிழலை விட்டேன். கண்ணுக்குள்ள வெள்ளைப் புள்ளி குத்தலை. கன்னத்துக் கோட்டைக் கீழே இறக்கினேன். வாயை மூடினேன். எல்லாம் அந்தக் கல்லறைக்காரி மாதிரியே. இதுல இன்னொரு தப்பு வேற. கட்டையில இடம் வலம் மாத்தி வெட்டணும், அப்போதான் காகிதத்துல சரியா வரும். இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கறது அது. உங்கம்மாவுக்கு மச்சம் வலது கன்னத்துல. அன்னிக்கு நான் இருந்த இருப்புல வலது கன்னத்துலயே வெட்டிட்டேன், அச்சுல அது இடது கன்னத்துக்குப் போயிடுச்சு. நீ பள்ளிக்கூடத்துல எழுதினியே, எங்கம்மாவுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கும்னு. வாத்தியார் நல்லா இருக்குன்னு எழுதி அனுப்பினார். நான் ராத்திரி பூரா தூங்கலை.

சின்னம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் கையில வச்சுக்கினு இருந்தா. அப்புறம், அக்கா மாதிரிதான் கீது மாமா, ஆனா இது அக்கா இல்லன்னு சொன்னா. அதுக்குள்ள நீ வந்துட்டே. அவ மடியில ஏறி, படத்து மேல உள்ளங்கையை வச்சு, அம்மான்னே. சின்னம்மா படத்தை உன் கையிலயே கொடுத்துட்டா. அன்னிக்கு அதைத் தலைமாட்டுல வச்சுக்கினு தூங்கினே. ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலி பண்ணி ரயில் ஏறினப்போ, நான் துணி மூட்டை தூக்கினேன், நீ துண்டுல சுத்தி அதைத் தூக்கிக்கினே. அது பொய்யின்னு எந்த வாயால சொல்லுவேன்?

சொல்லாதது ஒரு தப்புன்னா, அதை வச்சு உன்னை வளர்த்தது அதைவிடப் பெரிய தப்பு. நீ பள்ளிக்கூடம் போகாம கப்பல் பார்க்கப் போன அன்னிக்கு நான் உன்னை அடிக்கலை. உங்கம்மா மூஞ்சியைப் பாருடா, எவ்வளவு வருத்தப்படறா பாருன்னு சொன்னேன். நீ போய்ப் பார்த்தே, நெசமாவே வருத்தமாத்தான் இருந்தா. தேம்பித் தேம்பி அழுதே. அதுல எனக்கு ருசி கண்டுடுச்சு. மார்க் கொறைஞ்சா அம்மா மூஞ்சி, பொய் சொன்னா அம்மா மூஞ்சி. கை ஓங்காமலே உன்னை வழிக்குக் கொண்டு வந்துட்டேன்னு வெளியில பெருமை அடிச்சேன். உங்கம்மா உசிரோட இருந்திருந்தா முதுகுல ரெண்டு வச்சுட்டு, எந்தக் கப்பலைடா பாத்தே, எவ்ளோ பெருசுன்னு கேட்டிருப்பா. நீ வாய் விட்டுச் சிரிக்கறதை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்னு எண்ணிப் பார்த்தேன். அதை எண்ண ஒரு கை விரலே அதிகம் கண்ணு. அந்தப் பாவம் என்னுது.

இப்போ அந்தப் பொண்ணு விஷயம். நாம பொண்ணு பார்க்கப் போனப்போ அவங்க போட்ட மடக்கு நாற்காலி உன்னோட மடங்கிக்கிச்சு, நீ காலைத் தூக்கிக்கினு விழுந்தே. உள்ள இருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு. எல்லாரும் பதறினாங்க, உனக்கு மூஞ்சி செவந்து போச்சு. நான் மட்டும் அசையாம உக்காந்திருந்தேனே, ஏன் நைனா ஒரு மாதிரியாயிட்டேன்னு வழியில கேட்டியே. அந்த மாதிரி ஒரு சத்தத்தைக் கேட்டு எனக்கு இருபது வருஷமாச்சு, அதான். உனக்கு அவளைப் புடிக்கலைன்னா விட்டுடு. மனசுக்குப் புடிக்காம யாரும் யாரோடயும் வாழ முடியாது, நான் வற்புறுத்த மாட்டேன். ஆனா எங்கம்மா மாதிரி இல்லைங்கற காரணத்தை மட்டும் சொல்லாதே. அந்த அம்மா ஒரு பழைய புத்தகத்துல இருக்கா. உன்னைப் பெத்தவ அந்த நாற்காலியைப் பார்த்திருந்தா, அந்தப் பொண்ணுக்கு முன்னாடி இவ சிரிச்சிருப்பா.

திங்கக்கிழமை சாயங்காலம், வேணாம்னு சொல்லிட்டு வரலாம்னுதான் அவங்க கடைக்குப் போனேன். கயிறும் வலையும் படகுக்குப் பூசற தாரும் விக்கிற கடை. அவங்கப்பா இல்லை, இவதான் இருந்தா. ஒரு படகுக்காரர்கிட்ட கயிறு அளந்து கொடுத்துக்கினே என்னமோ சொல்லி, அவரைச் சிரிக்க வச்சு, தானும் சிரிச்சுக்கினு இருந்தா. நான் வெளியிலயே நின்னுட்டேன். என்னைப் பார்த்ததும் டக்குனு நிறுத்திட்டா. ஸ்டூல் எடுத்துப் போட்டா, பக்கத்துக் கடையில டீ சொன்னா. நான் எதுக்கு வந்திருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு போல. டீயை என் கையில கொடுத்துட்டு, தாரு ஒட்டின விரலைத் துணியில துடைச்சுக்கினே இருந்தா. அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல கேட்டா.

"நான் சிரிச்சது அவருக்குப் புடிக்கலையா மாமா? சொல்லுங்க, கொறைச்சுக்கறேன்."

ஒருத்தி வாயை நான் உளியால மூடினது போதாதா? வேணாம்மா, கொறைச்சுக்காதேன்னு சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லையேன்னு டம்ளரை வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். அவ இன்னும் பதிலுக்குக் காத்துக்கினு இருக்கா கண்ணு.

உன் நைனா